ஹிட்ச் பந்து: தாழ் விழுந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு

மே மாதம் விக்டோரியா தின விடுமுறை நெருங்கினால் ஒன்ராறியோவில் வீட்டு வாசல்களில் சின்ன ட்ரெய்லர்கள் முளைக்கத் தொடங்கும். தோட்டத்துக்கு மண் அள்ள, பழைய சோபாவைக் கொண்டுபோய்ப் போட, ஏரிக்குச் சிறு படகு இழுக்க. ட்ரெய்லரை நாள்கணக்கில் விலை பேசி வாங்குகிறவர்கள், அதைக் காரோடு பிடித்துவைக்கும் ஹிட்ச் பந்தை மட்டும் கடையில் கைக்கு அகப்பட்டபடி எடுத்து வருகிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படி வாங்கியவன்தான். இப்போது தெரிந்தவர்கள் வரிசையாக அதையே செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தாழில் பின் (pin) போடுங்கள், விளக்கு வயரைச் செருகுங்கள் என்பதையெல்லாம் ட்ரெய்லர் விற்றவரே சொல்லியிருப்பார், அதை விட்டுவிடுகிறேன்.

2 அங்குல கப்ளருக்குள் 1⅞ அங்குலப் பந்து

கப்ளர் என்பது ட்ரெய்லரின் முன்முனையில், பந்தின் மேல் கவிழ்ந்து பிடிக்கும் கிண்ணம்; அதைப் பூட்டுவதுதான் தாழ். இங்கே இலகுவான ட்ரெய்லர்களில் அதிகம் புழங்குவது இந்த இரண்டு அளவுகள்தான். மில்லிமீட்டரில் சொன்னால் 47.6, 50.8. வித்தியாசம் 3.2 மி.மீ. தனியாகப் பார்த்தால் எது எதுவென்று கண்ணுக்குப் பிடிபடாது. பெரிய பந்தின் மேல் சின்ன கப்ளர் இறங்காது, அதனால் அந்தத் தவறு வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். சின்னப் பந்தின் மேல் பெரிய கப்ளர் அழகாக இறங்கும். தாழ் டக்கென்று விழும், அதில் போடும் பின்னும் (pin) உள்ளே போகும், ரோட்டில் ஓடவும் ஓடும். எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான்.

தெரிந்த தம்பி ஒருவர் பழைய எஸ்யூவி வாங்கினார். முன்பிருந்தவர் மவுண்டையும் (பந்தைப் பொருத்தும் துண்டு) பந்தையும் அதிலேயே விட்டுப்போயிருந்தார். ட்ரெய்லரின் கப்ளரில் 2 என்று அச்சு அடித்திருந்தது. பந்தின் உச்சியில் இருந்த எண் தேய்ந்து, மேலே கிரீஸ் அப்பிக் கிடந்தது. "அண்ணா, கொஞ்சம் லொடலொடன்னுது, அவ்வளவுதான்" என்றார். சத்தம் பிடிக்காமல் யாரோ ஒருவர் கப்ளரின் அடியில் இருக்கும் சரிசெய்யும் நட்டை இறுக்கிக் கொடுத்திருக்கிறார். சத்தம் நின்றது, நம்பிக்கையும் வந்தது. அந்த நட்டு, தேய்மானத்தால் வரும் இடைவெளியைக் குறைக்க வைத்தது. சின்னப் பந்தை அது பெரிதாக்காது.

தரைக்குப் போடும் கல் ஏற்றிக்கொண்டு வந்தோம், நான் பின்னால் இன்னொரு வண்டியில். கல்லில் பாதிக்கு மேல் ட்ரெய்லரின் பின்பக்கம். ரயில் பாதையைக் கடந்தபோது காரின் பின்பக்கம் கீழே போனது, ட்ரெய்லரின் முன்முனை எழும்பியது, கப்ளர் பந்தை விட்டுவிட்டது. பந்தின் அகலமான இடத்துக்குக் கீழே கப்ளரின் தாடை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பந்து சின்னதானால் அந்தப் பிடி ஒப்புக்குத்தான். பாரம் பின்னால் இருந்தால் முன்முனையைக் கீழே அழுத்தி வைக்கவும் ஒன்றுமில்லை. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் இருக்க வேண்டும் என்பது இதற்கும் சேர்த்துத்தான்.

நல்லவேளையாக, காரையும் ட்ரெய்லரையும் இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டியிருந்தார். முன்முனை ரோட்டைக் கிழிக்காமல் சங்கிலிமேல் விழுந்தது. பதற்றத்தில் பிரேக் மிதித்தார், கப்ளர் வந்து பின்கதவில் இடித்தது. கதவுக்கு ஆன செலவு ட்ரெய்லரின் விலையைத் தாண்டியது. தாழ்தான் சரியில்லை என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார்.

கப்ளரின் மேலே அல்லது பக்கத்தில் அளவு அடித்திருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பந்தில் எண் தெரியாவிட்டால் காலிப்பர் வைத்து அளந்துகொள்ளுங்கள், டேப் வேண்டாம். மாட்டிய பிறகு முன்முனை ஜாக்கை ஏற்றுங்கள். காரின் பின்பக்கம் ஓரிரு அங்குலம் சேர்ந்து எழும்பினால் பிடிப்பு இருக்கிறது. கப்ளர் மட்டும் கழன்று மேலே வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஆனால் நட்டை இறுக்கிவைத்த கப்ளர் சின்னப் பந்திலும் இந்தச் சோதனையில் தேறிவிடலாம். அதனால் அளக்காமல் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள்.

பந்தில் இருக்கும் எடை எண்

அது ட்ரெய்லரும் சரக்கும் சேர்ந்த மொத்த எடைக்கானது. சரக்கை மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. கார், ரிசீவர் (காரின் பின்னால் மவுண்டைச் செருகும் குழாய்), மவுண்ட், பந்து, கப்ளர் ஆகியவற்றில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் உங்கள் எல்லை. 3,500 பவுண்டு தாங்கும் பந்தை 2,000 பவுண்டு ரிசீவரில் போட்டால் கையில் இருப்பது 2,000தான். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் ட்ரெய்லருக்கே பிரேக் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தண்டு

பந்தின் அடியில், மவுண்டின் ஓட்டைக்குள் போகும் மரையுள்ள பகுதிதான் தண்டு. பந்தின் விட்டம் சரியாக இருந்தும் இதில் கோட்டைவிடுவார்கள். முக்கால் அங்குலத் தண்டை ஒரு அங்குல ஓட்டையில் விட்டு, இரண்டு வாஷர் போட்டு முடுக்கி வைத்திருப்பதை நிறையப் பார்க்கிறேன். மவுண்டின் ஓட்டை தண்டைவிட 1/16 அங்குலத்துக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. இடைவெளியை நிரப்ப அதற்கென்றே விற்கும் புஷ் (வளையம்) போடுங்கள், அல்லது ஒரு அங்குலத் தண்டுள்ள பந்தையே வாங்குங்கள். தண்டின் நீளமும் முக்கியம்: லாக் வாஷரும் நட்டும் போட்டபின் மரை நட்டுக்கு வெளியே தெரிய வேண்டும்.

கைப்பலத்தால் இறுக்குவது

முக்கால் அங்குலத் தண்டின் நட்டுக்குப் பொதுவாக 160 அடி-பவுண்டு இறுக்கம், ஒரு அங்குலத்துக்கு 250. பெட்டியில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். வீட்டில் கிடக்கும் குட்டை ஸ்பேனரால் இது ஆகாது. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரென்ச்சை இரவல் வாங்குங்கள்.

குரோம் பளபளப்பு

பார்க்க அழகு. தாங்கும் எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

லண்டன் சித்தப்பா சொன்ன 50 மி.மீ.

இங்கிலாந்தில் 50 மி.மீ. பந்து சரி. மெல்போர்னிலும் சரி. இங்கே கப்ளரில் என்ன அடித்திருக்கிறதோ அது.

மூன்று பந்து மவுண்ட்

வாங்கலாம். மேலே திரும்பியிருப்பது எந்தப் பந்து என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பாருங்கள்.

பழைய பந்து

கைமாறி வந்த காரோடு வந்ததா? எண் தெரியவில்லை, ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது, மரையில் துரு என்றால் கழற்றிப் போடுங்கள். நட்டு வராவிட்டால் ஊடுருவும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். அப்புறமும் அசையாவிட்டால் மவுண்டோடு சேர்த்து மாற்றிவிடலாம், அதற்கும் பெரிய செலவு இல்லை.