பழைய ஃப்ரீஹேண்ட் கோப்பைத் திறக்க ஒரு வழி

கொழும்பில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்க அச்சகங்களில் பழைய சீடிகளைக் கிளறினால் கலியாணக் காட், கடை லோகோ என்று ஃப்ரீஹேண்ட் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்தவை இன்னும் அகப்படும். அந்த மென்பொருளை அடோபி 2007இலேயே கைவிட்டுவிட்டது. புதிய விண்டோஸில் அதை நிறுவப் போராட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸை இறக்கி, அதிலுள்ள டிரோ என்ற வரையும் செயலியில் கோப்பைத் திறந்து பாருங்கள். பழைய கோரல்டிரோ, பேஜ்மேக்கர் கோப்புகளையும் அது வாசிக்கும். மூலக் கோப்பில் கை வைக்காமல் பிரதி எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

கோடும் வடிவமும் பெரும்பாலும் ஒழுங்காக வரும். கிரேடியன்ட், அதாவது ஒரு நிறம் இன்னொன்றாகக் கலந்து மாறும் பகுதி, கொஞ்சம் மாறலாம். தமிழ் எழுத்துதான் தலையிடி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த அழைப்பிதழ், அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு பழுதென்று வீசிவிடாதீர்கள். பாமினியை நிறுவி டிரோவை மூடித் திறந்தால் மணமகள் பெயர் தமிழில் வந்துவிடும். எழுத்துகளை வளைகோடாக, அதாவது வெறும் வடிவங்களாக, மாற்றி முன்பே சேமித்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை, ஆனால் பெயரைத் திருத்தவும் முடியாது.

சரி, திறந்ததும் எஸ்விஜியாக ஒன்று, பிடிஎஃப்பாக ஒன்று சேமித்துவிடுங்கள். எஸ்விஜி என்பது கோடு, வடிவங்களாகப் படத்தைச் சேமிக்கும் கோப்பு வகை; அதை இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் திருத்தலாம். அச்சகத்துக்குப் பிடிஎஃப்பைக் கொடுங்கள்.