மிஷனுக்குப் போகும் தம்பிகளே, இதையெல்லாம் செய்யாதீர்கள்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. மார்மன் என்றால், “ஓ, வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு இரண்டு பேராகப் போவார்களே” என்பார்கள். அந்தப் பட்டப்பெயரைத் தவிர்க்கும்படி 2018-ல் அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். இங்கே ஆள் புரிவதற்காக ஒருமுறை மட்டும் சொல்கிறேன்.

மிஷன் என்பது சபை அனுப்புகிற ஊருக்குப் போய், வீடு வீடாக நம் நம்பிக்கையைச் சொல்லிக்கொடுக்கும் ஊழியம். பையன்கள் 18 வயதிலிருந்து போகலாம். இரண்டு வருடம். பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு என்பதைச் சபைதான் முடிவு செய்யும். எனக்கு பிலிப்பைன்ஸ் வந்தது. இப்போது கோவையில், எங்கள் கிளையிலிருந்து (சின்ன உள்ளூர்ச் சபையைக் கிளை என்போம்) கிளம்புகிற பையன்களை உட்கார வைத்துப் பேசுகிற வேலை என் தலையில். அவர்கள் அங்கிருந்து அனுப்புகிற வாரக் கடிதங்களைப் படித்தால் எங்கள் காலத்துக் கோளாறுகள் எல்லாம் அதே வரிசையில் வருகின்றன. காலை ஆறரைக்கு எழாதது, ஊர் நினைப்பில் அழுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை கையேட்டிலேயே இருக்கின்றன, தானாகவும் சரியாகிவிடும்.

கதவைச் சாத்தினால் கோபப்படுவது

பிலிப்பைன்ஸில் இந்திய முகத்துக்கு முன்கூட்டியே ஒரு பேர் இருக்கிறது. பைக்கில் வீடு வீடாகப் போய்க் கடன் கொடுத்து வசூலிக்கும் இந்தியர்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள், அங்கே வெகுகாலமாக இருக்கிறார்கள். அந்தக் கடனுக்கு ‘ஃபைவ்-சிக்ஸ்’ என்று பெயர். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும், அதாவது 20 சதவீத வட்டி. நம்ம ஊர்க் கந்துவட்டிதான். இந்தியர்களை அங்கே பும்பாய் என்பார்கள். அடம்பிடிக்கும் குழந்தையை “பும்பாய் வந்து தூக்கிட்டுப் போயிடுவான்” என்று மிரட்டும் தாய்மார்களும் உண்டு. இந்த நிலையில் நம் பையன் தோளில் பையோடு கேட்டில் வந்து நின்றால் உள்ளே டிவி சத்தம் டக்கென்று நிற்கும்.

“இனவெறி அண்ணா” என்று ஒரு தம்பி நீளமாக எழுதியிருந்தான். கொஞ்சம் இருக்கலாம். பெரும்பாலும் தவணை பாக்கி. “நான் வசூலுக்கு வரலைங்க” என்று அவர்கள் மொழியில் முதல் வரியிலேயே சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். பல வீடுகளில் நாற்காலி வரும்.

கம்பானியனைப் பற்றி அம்மாவிடம் புலம்புவது

கம்பானியன் என்பவர் இருபத்துநான்கு மணி நேரமும் கூடவே இருக்கும் ஜோடி மிஷனரி. குளியலறையைத் தவிர எங்கேயும் தனியாகப் போக முடியாது. அவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அவரும் உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முன்பு வீட்டுக்குப் பேசுவது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை, பி-டே அன்று (துணி துவைக்க, கடைக்குப் போக விடும் நாள், வழக்கமாகத் திங்கள்), வீடியோவில் பேசலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் திங்கட்கிழமை பேசும்போது “இவன் சோத்துப் பானையைக் கழுவறதே இல்லம்மா, என்கூடப் பேசறதும் இல்ல” என்று கொட்டிவிடுகிறீர்கள். அன்று சாயங்காலமே இருவரும் சமாதானமாகி நூடுல்ஸ் சாப்பிடுகிறீர்கள். அது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? வியாழக்கிழமை எனக்குப் போன் வருகிறது: “தம்பி சாப்பிடறானாங்க? ஊருக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கலாமுங்களா?”

வாராந்தரத் திட்டமிடலின் முடிவில் கம்பானியனோடு மனம்விட்டுப் பேச நேரம் ஒதுக்கச் சொல்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது என்று எல்லோரும் அதைத்தான் தாண்டுகிறார்கள். பானை விஷயத்தை அங்கே பேசுங்கள்.

பணம்

யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள். கஷ்டப்படுகிறவர் இருந்தால் உள்ளூர்ச் சபையை நடத்தும் பிஷப்பிடமோ கிளைத் தலைவரிடமோ சொல்லுங்கள்.

ஏரியா புக்கை அலட்சியம் செய்வது

இன்றுவரை எனக்கு எரிச்சல் அடங்காத விஷயம் இது.

டிரான்ஸ்ஃபர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும். யார் எந்த ஊருக்கு, யாரோடு என்று அந்தப் பகுதி மிஷனரிகளுக்கெல்லாம் பொறுப்பான மிஷன் பிரசிடெண்ட் முடிவு செய்வார். ஒரே ஊரில் ஆறு மாதம் இருப்பவரும் உண்டு. ஆனால் போகச் சொல்லிவிட்டால் ஓரிரு நாளில் பெட்டியைக் கட்டி பஸ் ஏற வேண்டும். வழக்கமாக இருவரில் ஒருவர் தங்கி, புதியவருக்கு ஊரைக் காட்டுவார். சில சமயம் இருவரையும் ஒரேயடியாக மாற்றிவிடுவார்கள். மிஷனரிகள் அதை ஒயிட்வாஷ் என்பார்கள். அப்போது புதிய ஜோடிக்குக் கையில் இருப்பது ஏரியா புக் மட்டுமே. முன்பு அது ஒரு தடித்த ஃபைல், பாடம் கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். இப்போது போனில் செயலியாக இருக்கிறது.

லூசோன் தீவில் ஒரு நெல்வயல் ஊருக்கு நாங்கள் அப்படி ஒயிட்வாஷாகப் போனோம். ஒரு தாளில் மொத்தமும் இவ்வளவுதான் இருந்தது: “நானாய். பச்சை கேட். ரொம்ப நல்லவர். கட்டாயம் தொடரவும்.” நானாய் என்றால் அம்மா. வயதில் மூத்த பெண்கள் எல்லோரையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். உக்கடத்தில் இறங்கி “அம்மா வீடு எதுங்க?” என்று விசாரிப்பது போல. அந்த ஊரில் கதவு எண் கிடையாது. பச்சை பெயிண்ட் மலிவாகக் கிடைத்திருக்க வேண்டும், திரும்பின பக்கமெல்லாம் பச்சை கேட்.

தேடினோம், அலுத்துப்போய் விட்டுவிட்டோம். பல மாதம் கழித்து எங்கள் கிளையைச் சேர்ந்த டிரைசிக்கிள் ஓட்டுநர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: வண்டியில் ஏறிய ஒரு வயதான அம்மா, டை கட்டின பையன்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டாராம். போனோம். அவருக்கு மூட்டு வலி. மழைக்காலத்தில் வரப்பில் நடக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து சபைக்குக் கூட்டிப் போகிறோம் என்று முந்தைய எல்டர் (ஆண் மிஷனரியை அப்படித்தான் அழைப்போம்) சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிறு நல்ல உடுப்பு உடுத்தி வாசலில் காத்திருந்திருக்கிறார். அடுத்த ஞாயிறும். கடைசியாக வந்த அன்று பையன்களுக்குத் தின்ன ஒன்றும் கொடுக்கவில்லை, அதில் கோபித்துக்கொண்டார்கள் என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். எங்களிடம் மரியாதையாகப் பேசினார், மைலோ கலந்து கொடுத்தார். சபைக்கு வரவேயில்லை.

அந்த எல்டர் சோம்பேறியாக இருந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அதே ஃபைலில் வாராவாரம் எத்தனை பாடம் நடத்தினார், எத்தனை பேரைச் சந்தித்தார் என்ற கணக்கு அழகான கையெழுத்தில் இருந்தது. மேலிடத்துக்குப் போகிற எண்கள் எல்லாம் சரி. அந்த அம்மா வீட்டுக்கு வழி மட்டும் இல்லை.

போனில் மேப் வந்துவிட்டது, இனி இந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்தேன். போன வருடம் ஒரு தம்பி எழுதினான். மேப்பில் வீடு சரியாகக் குறித்திருந்தது, போய்க் கூப்பிட்டான், மாமனார் வெளியே வந்து கத்தித் தீர்த்துவிட்டார். அந்த வீட்டு மருமகளை இரண்டு வீடு தள்ளி, சபைக் குடும்பம் ஒன்றின் வீட்டில் வைத்துத்தான் முந்தைய ஜோடி சந்தித்து வந்திருக்கிறது. அதை யாரும் எழுதவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் அங்கேயும் வருவதில்லை.

ராத்திரி வீடு திரும்பியதும், குளிக்கப் போகும் முன், எழுதிவிடுங்கள். “நல்ல குடும்பம்” என்று எழுதுவதற்குப் பேர் குறிப்பு இல்லை. எந்தக் கடைக்குப் பின்னால் திரும்ப வேண்டும், எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார், நீங்கள் வருவது யாருக்குப் பிடிக்கவில்லை, முக்கியமாக, நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள். ஊர் வம்பு வேண்டாம். அவரே கேட்டு வாங்கிப் படித்தாலும் சங்கடப்படாதபடி இருக்கட்டும்.

அப்புறம், போகும்போது கிளையைச் சேர்ந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்துத் தெருக்காரருக்கு டிரான்ஸ்ஃபர் வராது. “அவங்களுக்கு என்னைத்தான் அண்ணா பிடிக்கும், வேற யார் போனாலும் பேசமாட்டாங்க” என்று பெருமையாகச் சொல்கிற தம்பிகளைக் கண்டால் எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான் வருகிறது. அப்படி ஆக்கிவைத்தது நீங்கள்தானே?

காய்ச்சலை மறைப்பது

அது டெங்குவாக இருக்கலாம். அன்றைக்கே மிஷன் பிரசிடெண்டின் மனைவிக்குப் போன் போடுங்கள்.

சாப்பாட்டு வேளையில் போய் நிற்பது

பிலிப்பைன்ஸ்காரர்கள் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும்போது யார் வந்தாலும் சாப்பிடக் கூப்பிடுவார்கள். இல்லாத வீட்டில் அது என்ன ஆகும் என்று யோசியுங்கள். பின்வாசல் வழியாகச் சின்னப் பையன் பெட்டிக்கடைக்கு ஓடுவான், கடன் சொல்லிக் கோலா வாங்கிவருவான், பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஸ்ட்ரா போட்டு. கொடுத்ததைக் குடியுங்கள், அடுத்த முறை அந்த நேரத்தில் போகாதீர்கள்.

காபியும் டீயும் நாம் குடிப்பதில்லை. அதை உட்காரும்போதே சொல்லுங்கள், தண்ணீர் போதும் என்று. சர்க்கரையும் பாலும் சேர்ந்த காபி பாக்கெட்டைக் கிழித்து வெந்நீரில் கொட்டிய பிறகு “எங்க சபையில இது கூடாதுங்க” என்று ஆரம்பிப்பது கொடுமை. அந்த ஒரு பாக்கெட் அவர் காலையில் வேலைக்குப் போகும்போது குடிக்க வைத்திருந்ததாக இருக்கும்.

ஷூ

இரண்டு ஜோடி கொண்டு போங்கள். ஜூனில் தொடங்குகிற மழையில் ஒரு ஜோடி ஒருபோதும் காயாது.