‘ஆல்ட் லாங் சைன்’ பாட்டைத் தனி டிராம்போனுக்கும் கான்சர்ட் பேண்டுக்கும் எழுதுவது எப்படி?

டிராம்போன் தனியாகப் பாட, கான்சர்ட் பேண்ட் (ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் சேர்ந்த குழு) துணைக்கு வாசிக்கும்படி எழுதும் முதல் முயற்சிக்கு நான் சிபாரிசு செய்வது, புத்தாண்டு இரவில் பாடும் இந்த ஸ்காட்லாந்துப் பாட்டைத்தான். ராபர்ட் பர்ன்ஸ் 1788-ல் எழுதியனுப்பிய வரிகள், இன்று நாம் கேட்கும் மெட்டோடு 1799-ல் அச்சேறின. காப்புரிமைத் தொல்லை இல்லை. இன்னொருவரின் அரேஞ்ச்மெண்டைப் பார்த்து எழுதினால்தான் வம்பு, மெட்டிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் பாடிப் பாருங்கள்: ப, ச ச ச க, ரி ச ரி க, ச ச க ப, த. மத்தியமமும் நிஷாதமும் இல்லை. மோகனத்தின் அதே ஐந்து சுரங்கள். தொடக்கத்துப் பஞ்சமம் மட்டும் மந்திர ஸ்தாயி.

அடுத்து சுருதி. முதல் சுற்றை ஈ ஃபிளாட் மேஜரில் வைத்தால் தொடக்கப் பஞ்சமத்துக்கு ஸ்லைடு (டிராம்போனில் இழுத்து நீட்டும் குழாய்) முதல் பொசிஷன், அதாவது முழுக்க உள்ளே. ஷட்ஜத்துக்கு மூன்றாவது. எண் கூடக் கூட குழாய் வெளியே போகும். கை அதிகம் அலைய வேண்டாம். கடைசிச் சுற்றை ஒரு முழுச்சுரம் ஏற்றி எஃப் மேஜருக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அங்கே அதே பஞ்சமம் ஆறாவது பொசிஷனுக்குப் போய்விடும் (டிரிகர், அதாவது கட்டைவிரலால் கூடுதல் குழாயைத் திறக்கும் விசை உள்ள டிராம்போன் என்றால் பிரச்சினையில்லை). உச்சத்தில் வரும் ‘ப, த’ மூன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரே இழுப்பு. நாக்கால் மெதுவாகத் தட்டாவிட்டால் வழுக்கும். அந்த வழுக்கலை ஒரே ஒரு தடவை வேண்டுமென்றே விடுங்கள், அழகாக இருக்கும்.

அப்புறம் அளவு. முன்னோட்டம் 4 பார் (ஒரு பார் என்றால் இங்கே நான்கு அடி), தனி வாசிப்பு 16, பேண்ட் மட்டும் 8, மறுபடி தனி வாசிப்பு 16, முடிப்பு 4. நிமிடத்துக்கு 72 அடி என்றால் மொத்தம் 2 நிமிடம் 40 விநாடி. நடுவில் வரும் அந்த எட்டு பார் வாசிப்பவர் மூச்சு வாங்கத்தான். அதில் கை வைக்காதீர்கள்.

இனிதான் உண்மையான வேலை. யூஃபோனியம், ஹார்ன், டெனர் சாக்ஸ், பஸூன் எல்லாம் டிராம்போன் பாடும் அதே உயரத்தில் பாடுபவை. என் முதல் முயற்சியில், பாவம் தனியாக இருக்கிறதே என்று யூஃபோனியத்தையும் அதே மெட்டில் துணைக்கு விட்டேன். ஒத்திகையில் தனி வாசிப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் தனி வாசிப்பின்போது பேண்டின் டிராம்போன்களுக்கு ஓய்வு. கீழே டியூபா, மேலே புல்லாங்குழலும் கிளாரினெட்டும். நடுவை காலியாக விடுகிறேன். கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்; ஷட்ஜத்தின் மேல் கட்டியது ஒன்று, பஞ்சமத்தின் மேல் கட்டியது ஐந்து என்று எண்ணிக்கொள்ளுங்கள்) எளிமைதான், பாருக்கு ஒன்றாக: ஒன்று, ஐந்து, ஒன்று, நான்கு, ஒன்று, ஐந்து, ஏழாவது பாரில் நான்கும் ஐந்தும் பாதிப் பாதி, கடைசியில் ஒன்று.

முன்னோட்டத்துக்கு பேக்பைப் வாசனை வேண்டுமா? பலர் ஷட்ஜத்தோடு பஞ்சமத்தையும் சேர்த்து நீட்டுவார்கள். ஆனால் ஹைலேண்ட் பேக்பைப்பின் மூன்று ட்ரோன்களும் (விடாமல் ஒரே சுரத்தை ஒலிக்கும் குழாய்கள்) ஷட்ஜம் மட்டுமே. ஒன்று ஒரு ஸ்தாயி கீழே. பேஸ் கிளாரினெட்டும் இரண்டு கிளாரினெட்டுகளும் போதும்.

பார்ட் (ஒவ்வொரு கருவிக்கும் தரும் தனித் தாள்) எழுதும்போது டிராம்போனும் டியூபாவும் ஒலிப்பதையே எழுதிக்கொள்ளும். மற்ற சில கருவிகள் எழுதியதைவிடக் கீழே ஒலிக்கும்; அதனால் கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் ஒரு முழுச்சுரம் ஏற்றி எழுத வேண்டும், ஹார்னுக்கு ஐந்தாம் சுரம் ஏற்றி. மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு மென்பொருள் இதைத் தானே செய்துவிடும், அதுவும் இலவசமாக.

முடிப்புக்கு முந்தைய இரண்டு பாரில் பேண்டை முழுக்க நிறுத்திவிட்டு டிராம்போனை மட்டும் பாட விடுங்கள். கடைசி ஷட்ஜத்தில் எல்லோரும் மெல்ல வந்து சேரட்டும்.