அப்பா நிலத்தில் பாகம் கேட்கும் முன் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

கும்பகோணத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். பாகம் கேட்டு வருகிறவர்கள், அதிலும் கட்டிக்கொடுத்த பெண்கள், பெரும்பாலும் ஒரு பட்டா நகலோடு வருவார்கள். அதில் அண்ணன் பெயர் மட்டும் இருக்கும். “பட்டா அவர் பேர்ல ஏறிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாமே?” என்பார்கள். முடியும். பட்டா என்பது வருவாய்த்துறைக் கணக்கு. அது மட்டுமே உரிமையைத் தராது, இருக்கிற உரிமையைப் பறிக்கவும் செய்யாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

குடும்பத் தகராறு என்பதற்காகக் குடும்ப நீதிமன்றத்தைத் தேடிப் போகாதீர்கள். அங்கே கணவன் மனைவிக்குள் வரும் சொத்து வழக்குதான் நடக்கும். அண்ணன் தங்கை பாகவழக்கு, மதிப்பைப் பொறுத்து முன்சீப் கோர்ட்டிலோ சப் கோர்ட்டிலோ ஜில்லா கோர்ட்டிலோ போடுவது.

முதலில், நிலம் அப்பாவுக்கு எப்படி வந்தது என்று கண்டுபிடியுங்கள். கிரயமா, தாத்தா வழியா, பாகப் பத்திரமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் பங்கைக் கணக்குப் போட முடியாது. தாய்ப் பத்திரம் (நிலம் வந்த மூலப் பத்திரம்) அண்ணன் பெட்டியில் இருந்தாலும் கவலையில்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பத்திர எண் தெரியாவிட்டால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். 1975க்குப் பிந்தைய பதிவுகள் பெரும்பாலும் இணையத்திலேயே வரும். இணையத்தில் வராததற்கு நேரில் மனு கொடுக்க வேண்டும்.

பழைய பத்திரம் கைக்கு வந்ததும் சக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, நிதானமாகப் படியுங்கள். சர்வே எண் மாறியிருக்கும், 1980களில் நிலக் கணக்கைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் பல ஊர்களில் உட்பிரிவே புதிதாகிவிட்டது. வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் நிலம் என்ற எல்லைதான் அப்போது உதவும். அளவும் குழப்பும். நம் பக்கத்தில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. குழி என்பது 144 சதுர அடி. பத்திரத்தில் ஐந்து மா என்றால் 72,000 சதுர அடி, ஏறக்குறைய ஒரு ஏக்கர் 65 சென்ட். அதுவே பட்டாவில் 67 ஏர் (நூறு ஏர் ஒரு ஹெக்டேர்) என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால் வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம்.

அப்புறம் அடங்கல் (சாகுபடிக் கணக்கு), ‘அ’ பதிவேடு (ஊரின் நிலப் பட்டியல்), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்). அடங்கலில் பசலி ஆண்டுதான் (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) இருக்கும், அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு. அப்பா பெயரில் இருந்த கிஸ்தி (நிலவரி) ரசீது, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிய சீட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

டெல்டாவில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்பா உழுதது கோவில் நிலமாகவோ மடத்து நிலமாகவோ இருக்கலாம். அப்படியானால் உங்களுக்கு வருவது குத்தகை உரிமை, நிலமல்ல. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வைத்திருக்கும் குத்தகைப் பதிவேட்டில் யார் பெயர் என்று தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இனிப் பங்கு. இந்துக் குடும்பத்தில் அப்பா சொந்தமாக வாங்கியது, உயில் இல்லை என்றால், அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தால் மகளும் மகனைப் போலவே பங்காளி. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

வாரிசுச் சான்றில் உங்கள் பெயரை விட்டிருந்தாலும் பங்கு போய்விடாது. நான் பயப்படுவது, உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத்தான். கருமாதி முடிந்த கையோடு “பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போடும்மா” என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போவார்கள். படிக்காமல் போடாதீர்கள். பட்டா மாற்ற அங்கே போகவே வேண்டியதில்லை. ஏற்கெனவே போட்டிருந்தால் அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள், ரத்து கேட்கக் கால வரம்பு உண்டு.

வழக்குப் போடும்போதே, நிலத்தை விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் போதும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும். ஆனால் அங்கே போடும் கையெழுத்துக்கு அப்பீல் இல்லை, எந்தப் பக்கத்துப் பாகம், வாய்க்கால் பாசனம் யாருக்கு, களத்துக்குப் போக வழி எது என்பதையெல்லாம் அந்தத் தாளிலேயே எழுதவையுங்கள்.

வழக்கில் முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை, பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். இறுதித் தீர்ப்பாணைக்கான நடவடிக்கையும் நடக்க வேண்டும். அதில்தான் கோர்ட் நியமிக்கும் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளப்பார். சம்பா அறுத்து வயல் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் அளக்கக் கேளுங்கள், வரப்பும் பழைய கல்லும் கண்ணுக்குத் தெரியும். இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, உட்பிரிவு செய்து உங்கள் பெயரில் தனிப்பட்டா கேளுங்கள்.