மைனஸ் பவர் கண்ணும் ஓசிடி அறிக்கையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வை நரம்பைப் பாதிக்கும் கிளாக்கோமா இருக்குமோ என்ற ஐயத்தில், விழித்திரையை ஒளியால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி பரிசோதனை எடுத்துக்கொள்ளும் கிட்டப்பார்வைக்காரர்களில் (மைனஸ் பவர் உள்ளவர்களில்) பலர், அறிக்கைத் தாளில் சிவப்பைக் கண்டவுடனேயே நரம்பு பட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் மதுரைக்கு வந்து, நெரிசலான புறநோயாளிப் பிரிவில் சில நிமிடங்களே மருத்துவரைப் பார்க்க முடிகிறவர்களுக்கு அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று கேட்க வாய்ப்பிருப்பதில்லை. அறிக்கையை வாசிக்கப் பழகும் மாணவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

விழித்திரை அடுக்குகளின் தடிமனை ஓசிடி கருவி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு ஆழவாக்கில் அளக்கிறது. கிட்டப்பார்வைக் கண் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக நீண்டிருக்கும். விழி நீளமாக இருப்பதால் இந்த அளவுகோல் மாறுவதில்லை. பக்கவாட்டு அளவு அப்படியல்ல. ஒளிக்கற்றை எத்தனை பாகை திரும்பியது என்பது மட்டுமே கருவிக்குத் தெரியும் என்பதால், அதை மில்லிமீட்டராக மாற்றுவதற்கு, எல்லா விழிகளும் ஏறத்தாழ 24 மி.மீ. நீளமுள்ளவை என்று பல கருவிகள் வைத்துக்கொள்கின்றன. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடமான நரம்புத் தலையைச் சுற்றிச் சுமார் 3.4 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில், கிளாக்கோமாவில் மெலியும் நரம்பிழை அடுக்கு அளக்கப்படுகிறது, 27 மி.மீ. நீள விழியில் அதே வட்டம் ஏறத்தாழ 3.86 மி.மீ. விட்டத்துக்கு விரிந்து விழும். நரம்புத் தலையை விட்டு விலக விலக அந்த அடுக்கு இயல்பாகவே மெலிவது. எனவே தடிமனை அளந்ததில் பிழையில்லை, அளந்த இடம்தான் வேறு.

இத்துடன் இன்னொன்றும் சேர்கிறது. நீண்ட விழிகளில் மேலும் கீழும் உள்ள தடித்த நரம்பிழைக் கற்றைகள் நெற்றிப்பொட்டுப் பக்கமாக நெருங்கி அமைந்திருப்பதால், கருவி எதிர்பார்க்கும் இடத்தில் மெலிவும் எதிர்பாராத இடத்தில் தடிப்பும் தெரியும். ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் இயல்பளவுத் தொகுப்பில் அதிக மைனஸ் உள்ளவர்கள் குறைவு. சிவப்பு என்பது அந்தத் தொகுப்பிலிருந்து விலகியிருக்கிறது என்ற செய்தியே தவிர நோயின் பெயரன்று.

கண்ணாடி பவரை வைத்தே விழியின் நீளத்தை ஊகித்துவிடுவது, நான் மிகவும் தீங்கானதாகக் கருதும் தவறு. லேசரால் பவரைக் குறைக்கும் லேசிக் செய்துகொண்டவருக்குப் பவர் பூஜ்யமாகியிருக்கும். மாறியது கருவிழியின் வளைவுதான், நீளம் பழையபடியே இருக்கும். கண்புரை முற்றும்போது வயதானவர்களுக்கு மைனஸ் கூடும். அங்கே நீளம் சிறிதும் கூடியிருக்காது. 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய இந்த ஊரில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் ஏராளம். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அறுவைக்கு முன் எடுத்த ஏ-ஸ்கேன் (விழியின் நீளத்தை அளக்கும் பரிசோதனை) சீட்டிலேயே விழியின் நீளம் மில்லிமீட்டரில் இருக்கும். ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்த வேண்டிய அந்தச் சீட்டைப் பெரும்பாலோர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

நீளம் தெரிந்தால் திருத்தம் கடினமில்லை. பென்னெட் முறைப்படி, நோயாளியின் விழி நீளத்திலிருந்தும் கருவி வைத்துக்கொண்ட நீளத்திலிருந்தும் 1.82-ஐக் கழித்து, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். 27-க்கும் 24-க்கும் இது சுமார் 1.135. கருவி காட்டும் பக்கவாட்டு அளவை இதனால் பெருக்க வேண்டும். பரப்பளவுக்கு இதை வர்க்கப்படுத்த வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்: இரத்தநாளங்களைக் காட்டும் ஓசிடி ஆஞ்சியோகிராமில் விழித்திரை மையக்குழியின் இரத்தநாளமற்ற பகுதி 0.30 சதுர மி.மீ. என்று வந்தால், உண்மையில் அது 0.39-ஐ நெருங்கும். கருவியே நீளத்தைக் கேட்டு வாங்கித் திருத்துகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளாவிட்டால் இரண்டு முறை திருத்திவிடும் அபாயமும் உண்டு.

எண்களை மட்டும் பார்த்துப் படத்தைப் பார்க்காமல் விடுவதும் கூடாது. சாய்ந்த நரம்புத் தலையும் அதைச் சுற்றிய திசுத் தேய்வும் இருந்தால், அடுக்குகளின் எல்லைக் கோட்டைக் கருவி தவறாக இழுத்துவிடும். பின்சுவர் மிகவும் குழிந்த கண்ணில் படத்தின் ஓரம் தலைகீழாக மடிந்தும் தெரியலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, சிவப்பெல்லாம் மைனஸ் பவரால்தான் என்று தள்ளிவிடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஏனெனில் அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கிளாக்கோமா வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதல். விழிப்புலப் பரிசோதனை, கண் அழுத்தம், விழித்திரையின் மையமான மேக்குலாப் பகுதியின் நரம்பணு அடுக்கு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து, அதே வகைக் கருவியில் இடைவெளி விட்டு மீண்டும் எடுத்து, அந்தக் கண்ணை அதன் பழைய அளவுடனேயே ஒப்பிட வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் விழியின் நீளத்தையும் அளக்காமல் ஒப்பிட்டால், விழி நீண்டதால் வந்த மெலிவு நோய் முற்றியதாகத் தோன்றிவிடும்.