பூச்சிகளின் மோப்பப் புரதங்களைக் கணினியில் மாதிரியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூச்சியின் உணர்கொம்பிலுள்ள ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையை ஆல்பாஃபோல்ட் போன்ற மென்பொருளில் இட்டால், எப்படியும் ஒரு முப்பரிமாண வடிவம் வந்துவிடும். அந்தப் புரதம் உடலில் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று மென்பொருள் கேட்பதில்லை. பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மணப்பொருளைப் பிடித்துச் செல்லும் பிணைப்புப் புரதங்கள் செல்லுக்கு வெளியே சுரக்கப்படுபவை. தரவுத்தளத்தில் கிடைக்கும் வரிசையின் தொடக்கத்தில், சுரக்கும்போது வெட்டப்பட்டுவிடும் சுமார் 20 அமினோ அமிலங்கள் கொண்ட சமிக்ஞைத் துண்டு பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்காமல் விட்டால், இயல்பில் இல்லாத ஒரு சுருள் புரதத்தின் மேல் சாய்ந்து கிடப்பதைக் காணலாம். நீக்கிய பிறகு அமினோ அமிலங்களின் வரிசை எண்களையும் சரிபார்க்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் உள்ள எண், சமிக்ஞைத் துண்டு நீங்கிய முதிர்ந்த புரதத்துக்கு உரியதாக இருக்க, முழு வரிசையில் அதே எண்ணைத் தேடினால் வேறோர் அமினோ அமிலம்தான் அகப்படும். கந்தகப் பிணைப்பால் ஒன்றோடொன்று இணையும் அமினோ அமிலங்களான ஆறு சிஸ்டீன்களும் 1–3, 2–5, 4–6 என இணைந்துள்ளனவா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

அமிலத்தன்மையை மறப்பது இதைவிடப் பெரிய தவறு. பட்டுப்பூச்சியின் பிணைப்புப் புரதம் நடுநிலைச் சூழலில் பாம்பிகோல் என்னும் பாலின ஈர்ப்புப் பொருளைத் தன் குழிக்குள் வைத்திருக்கிறது. அமிலச் சூழலிலோ அதே புரதத்தின் வால்முனை ஏழாவது சுருளாக மடிந்து அந்தக் குழிக்குள் புகுந்துகொள்கிறது. இவ்விரு வடிவங்களில் எது கையில் இருக்கிறது என்று அறியாமல் டாக்கிங் (ஒரு மூலக்கூறு புரதத்தின் குழியில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது) செய்பவர், ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை பேசுகிறார். மலேரியா கொசுவான அனாஃபிலிஸ் கேம்பியேயின் முதல் பிணைப்புப் புரதம் படிகத்தில் இரட்டையாகவே காணப்படுகிறது என்பதையும், ஒற்றைச் சங்கிலியை மட்டும் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

மணப்பொருளை உணரும் நரம்புச் செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பிகளின் கதை வேறு. ஏழு முறை சவ்வைக் கடக்கின்றன என்பதற்காக, மாட்டின் விழித்திரைப் புரதமான ரோடாப்சினை அச்சாகக் கொண்டு இவற்றை மாதிரியாக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. பூச்சி ஏற்பியின் தொடக்க முனை செல்லின் உள்ளே இருக்கிறது என்று 2006இல் தெரிந்தது. ரோடாப்சினிலோ அது வெளியே இருக்கும். மற்ற மோப்ப ஏற்பிகளுக்குத் துணை ஏற்பியாக இருப்பது ஓர்கோ; அத்திக் குளவி ஒன்றின் ஓர்கோ புரதம் நான்கு அலகுகள் கொண்ட அயனிக் கால்வாய் என்று 2018இல் அதன் கட்டமைப்பு காட்டியது. கொசுக்களில் மூன்று ஓர்கோவுடன் ஒரே ஓர் ஏற்பி சேர்ந்திருப்பது 2024இல் வெளியானது. ஆகவே ஏற்பியைத் தனியாக, அதுவும் கொழுப்புச் சவ்வு இல்லாமல் நீரில் மிதக்கவிட்டு இயக்கிப் பார்ப்பதில் பொருளில்லை.

டாக்கிங் மதிப்பெண்ணை மோப்பத்தின் அளவாகக் கொள்வதும் தவறு. குழி எண்ணெய்ப் பசை மிக்கது என்பதால், நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட எதுவும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். பாம்பிகோலும் அதன் நெருங்கிய உறவான பாம்பிகாலும் பட்டுப்பூச்சியின் அந்தப் பிணைப்புப் புரதத்தில் ஏறத்தாழ ஒரே அளவில் ஒட்டுகின்றன. இரண்டையும் பிரித்தறிவது தனித்தனி ஏற்பிகள். பிணைப்புப் புரதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஆண் பூச்சி எதைத் தேடிப் பறக்கும் என்று எத்தனை முறை டாக்கிங் செய்தாலும் விடை கிடைக்காது.