அப்பீல் வக்கீலின் சுயவிவரம்: படிப்பவர்கள் ஏமாறும் இடங்கள்

அமெரிக்காவில் வழக்கில் தோற்றவர்கள் மேல்முறையீட்டுக்கு வக்கீல் தேடும்போது முதலில் புரட்டுவது அவருடைய தொழில் விவரக் குறிப்பைத்தான். அதைப் படிப்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள்.

‘அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வழக்காட அனுமதி பெற்றவர்’ என்ற வரியைக் கண்டதும் அசந்துபோக வேண்டாம். ஏதாவது ஒரு மாநிலத்தில் 3 ஆண்டுகளாக வக்கீலாகப் பதிவாகியிருக்க வேண்டும், பெயர் கெட்டிருக்கக் கூடாது, ஏற்கெனவே அனுமதி பெற்ற 2 வக்கீல்கள் பரிந்துரைக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். அவ்வளவுதான். அந்த மன்றத்தில் ஒருநாள்கூட எழுந்து நின்று பேசாதவரும் இந்த வரியைப் போட்டுக்கொள்ளலாம். ‘வாதாடினார்’ என்று இருக்கிறதா, எந்த வழக்கில் என்று பாருங்கள்.

‘இத்தனை சதவீத வெற்றி’ என்பது இன்னும் மோசம். மேல்முறையீடுகளில் பெரும்பாலும் கீழமை நீதிமன்றத் தீர்ப்புதான் நிலைக்கும். அப்படியிருக்க, கீழே ஜெயித்தவர்களுக்காகவே ஆஜராகும் வக்கீலின் கணக்கு தானாகவே அழகாகத் தெரியும். தோற்ற கட்சிக்காரருக்காகப் போராடி எத்தனை தீர்ப்புகளை மாற்ற வைத்தார் என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் தடுமாறும்!

ஜூரியை அசத்தும் வக்கீல் அப்பீலிலும் அசத்துவார் என்று நம்புவதும் வழக்கமான தவறு. அப்பீலில் சாட்சி கிடையாது, புதிய ஆதாரம் பொதுவாகக் கிடையாது. பெரும்பாலும் 3 நீதிபதிகள். வாய்மொழி வாதம் பல வழக்குகளில் நடப்பதே இல்லை, நடந்தாலும் நிமிடக் கணக்குதான். பாரம் முழுவதும் எழுத்தில். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் முதன்மை வாதுரைக்கு, அதாவது எழுதித் தரும் வாதத்துக்கு, பொதுவான வரம்பு 13,000 சொற்கள். ஆகவே அவர் எழுதிய வாதுரை ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சட்டம் தெரியாத உங்களுக்கே 2 பக்கத்தில் விஷயம் பிடிபட்டால் நல்ல அறிகுறி.

அதற்காக விசாரணை மன்ற அனுபவத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. பெரும்பாலான பிழைகளுக்குக் கீழேயே ஆட்சேபம் தெரிவித்திருந்தால்தான் மேலே பேச முடியும். ஆயிரக்கணக்கான பக்க நடவடிக்கைப் பதிவில் ‘ஆட்சேபிக்கிறேன்’, ‘நிராகரிக்கப்படுகிறது’ என்ற இரண்டு வரிதான் சில நேரம் மொத்த வழக்கும். விசாரணையில் உட்கார்ந்து பழகியவர் கண்ணுக்கு அது சீக்கிரம் படும்.

நீதிபதியிடம் கிளார்க்காக, அதாவது சட்ட உதவியாளராக, இருந்தது நல்ல பயிற்சி. ஆனால் விசாரணை நீதிபதியிடமா, மேல்முறையீட்டு நீதிபதியிடமா என்று பாருங்கள். விருது முத்திரைகளைவிட, டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் தேர்வு வைத்துத் தரும் மேல்முறையீட்டு நிபுணர் சான்றுக்கு எடை அதிகம். ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை மாநில வழக்கறிஞர் அமைப்பின் பதிவேட்டில் பார்க்கலாம்.

இதையெல்லாம் அலசிக்கொண்டே நாளைக் கடத்திவிடாதீர்கள். கூட்டாட்சி நீதிமன்ற சிவில் வழக்கில், மேல்முறையீடு செய்கிறோம் என்ற அறிவிப்பைத் தாக்கல் செய்யப் பொதுவாக 30 நாள்தான்; அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60. மாநில நீதிமன்றங்களின் கெடு வேறுபடும். பழைய வக்கீலிடமே சொல்லி முதலில் அந்த அறிவிப்பைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். ஆளை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.